காலி உறை சொல்லும் சேதி

தர்மபுரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் நல்லம்பள்ளியைத் தாண்டித் தெற்கே போனால் தொப்பூர்க் கணவாய் வருகிறது. சேலத்துப் பக்கமிருந்து பாரம் ஏற்றிய லாரிகள் அந்த மேட்டில் முக்கி முனகி ஏறுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். சில லாரிகளின் புகைக்குழாயிலிருந்து கன்னங்கரேலென்று புகை வரும். சாலையோரம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அதைக் கண்டதும், "டீசல் அதிகமாகப் போகிறது, அதற்குத் தக்க காற்று போகவில்லை" என்று சொல்லிவிடுவார். எஞ்சினை அவர் திறந்து பார்க்கவில்லை. வெளியே தள்ளப்பட்ட கழிவே உள்ளே நடந்ததை அவருக்குச் சொல்லிவிட்டது.

இதை ஏன் சொல்கிறோம் தெரியுமா? நல்லம்பள்ளி மாணவர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அவர் என்.சி.சி. முகாமில் .22 துப்பாக்கியால் சுட்டுப் பழகியவர். சுட்டு முடிந்ததும் மாணவர்கள் எல்லோரும் குனிந்து காலி உறைகளைப் பொறுக்கி, எண்ணி ஒப்படைத்தார்களாம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற அவருடைய பெரியப்பா, "காலி கேஸ் எங்க போயி விழுதுன்னு பாத்தாப் போதும்டா, துப்பாக்கி நல்லா இருக்குதா இல்லையான்னு சொல்லிப்போடலாம். பிஸ்டனை மாத்தினா கேஸ் விழற இடமும் மாறிப்போயிடும்" என்றாராம். "இது உண்மையா? துப்பாக்கியில் பிஸ்டன் எங்கே இருக்கிறது?" என்பது மாணவரின் கேள்வி.

பெரியப்பா சொன்னது உண்மைதான். லாரிக்குப் புகை எப்படியோ, துப்பாக்கிக்குக் காலி உறை அப்படி. எப்படி என்று பார்ப்போம்.

கை செய்யும் வேலை

ஒரு தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு. முன்னால் குண்டு, பின்னால் அடிபட்டதும் தீப்பொறி தரும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, இவற்றை எல்லாம் சேர்த்து வைத்திருக்கும் பித்தளை உறை. குண்டு பறந்துபோன பிறகு மிஞ்சுவது உறை மட்டுமே. அது வெளியேறினால்தான் அடுத்த தோட்டா உள்ளே வர முடியும்.

.22 துப்பாக்கியில் இந்த வேலையைச் செய்வது உங்கள் கை. பின்பக்கத்துத் தாழை, அதாவது போல்ட்டை, உயர்த்திப் பின்னால் இழுக்கிறீர்கள். போல்ட்டின் முனையிலுள்ள சிறு கொக்கி உறையின் விளிம்பைப் பற்றி வெளியே இழுத்து வருகிறது. அப்போது உறையின் மறுபக்க விளிம்பில் ஒரு தடுப்பு முனை இடிக்கிறது. ஒரு பக்கம் கொக்கி பிடித்திருக்க, மறுபக்கம் முனை உதைக்க, உறை சுழன்று வெளியே தாவுகிறது. மெதுவாக இழுத்தால் காலடியில் விழும். வெடுக்கென்று இழுத்தால் தூரப் போய் விழும். இழுக்கும் வேகத்தைப் பொறுத்தே உறை விழும் இடம் அமைகிறது. இந்த உண்மையை மட்டும் மனத்தில் நிறுத்திக் கொள்ளுங்கள். மற்றவை எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன.

வாயு செய்யும் வேலை

தானாக நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கியில் போல்ட்டை இழுப்பது யார்? வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயுதான். 5.56 மில்லிமீட்டர் தோட்டா வெடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல 3,500 மடங்குக்கும் மேலாகிறது. இந்த அழுத்தம் 4 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் துரத்துகிறது.

அப்போது பித்தளை உறை ஓர் அரிய வேலை செய்கிறது. அழுத்தத்தால் அது உப்பிச் சுற்றுச்சுவரோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. அதனால் வாயு பின்பக்கம் கசிந்து சுடுபவரின் முகத்தில் அடிப்பதில்லை. குண்டு குழலைவிட்டு வெளியேறி அழுத்தம் இறங்கியதும் உறை இம்மியளவு சுருங்கிச் சுவரிலிருந்து விடுபடுகிறது. உறையை இழுக்க ஏற்ற நேரம் அதுதான். அதற்கு முன்பே இழுத்தால், ஒட்டிக்கொண்டிருக்கும் உறையோடு கொக்கி மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

போல்ட்டை இழுக்க வாயு வேண்டுமே, அதை எங்கிருந்து எடுப்பது? குழலின் பக்கத்தில் ஒரு சிறு துளை போட்டிருக்கிறார்கள். குண்டு அந்தத் துளையைக் கடந்ததும், அதன் பின்னால் வரும் வாயுவில் ஒரு சிறு பங்கு துளை வழியே திரும்புகிறது. அந்த வாயுவைப் போல்ட் வரை கொண்டு சேர்க்க இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி பிஸ்டன். லாரி எஞ்சினில் எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளுகிறது அல்லவா? அதேபோல் இங்கும் குழலுக்கு மேலே ஒரு சிறு உருளையும் அதற்குள் ஒரு பிஸ்டனும் இருக்கின்றன. பிஸ்டன் பின்னால் நகர்ந்து, போல்ட்டைச் சுமந்து நிற்கும் 'கேரியர்' என்ற உலோகக் கட்டையைத் தள்ளுகிறது. 1962 சீனப் போருக்குப் பின் நம் படைக்கு வந்த 7.62 மில்லிமீட்டர் எஸ்.எல்.ஆர். இந்த வகை. அதில் பிஸ்டன் சிறிது தூரமே நகர்ந்து ஓர் இடி இடித்துவிட்டு நின்றுவிடும். 1990களில் வந்த இன்சாஸ் துப்பாக்கியில் பிஸ்டன் கேரியரோடு இணைந்தே கடைசிவரை பயணம் செய்யும். இன்சாஸை உருவாக்கிய இடங்களில் நம் திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலையும் ஒன்று. 1960களில் எழுந்த அந்தத் தொழிற்சாலை பின்னாளில் 'திருச்சி அசால்ட் ரைபிள்' என்ற துப்பாக்கியையும் செய்தது. அதிலும் பிஸ்டனே வேலை செய்கிறது.

இரண்டாவது வழியில் தனிப் பிஸ்டன் கிடையாது. அமெரிக்கப் பொறியாளர் யூஜின் ஸ்டோனர் 1950களில் கையாண்ட வழி இது. எம்-16 துப்பாக்கி இதன்படி அமைந்தது. மெல்லிய நீண்ட குழாய் ஒன்று வாயுவை நேரே கேரியரின் வயிற்றுக்குள் கொண்டுபோய் விடுகிறது. அங்கே விரியும் வாயு, கேரியரைப் பின்னோக்கியும் போல்ட்டை முன்னோக்கியும் தள்ளுகிறது. தள்ளுதல் குழலின் நேர்கோட்டிலேயே நிகழ்கிறது. போல்ட் முன்னோக்கி அழுத்தப்படுவதால் அதன் பூட்டுப் பற்களின் மேலுள்ள சுமை குறைந்து, பூட்டு எளிதாகத் திறக்கிறது. ஆனால் புகைக்கரியும் சூடும் துப்பாக்கியின் வயிற்றுக்குள்ளேயே வந்து சேர்கின்றன. சமையல் புகை கூடத்துக்குள் வருவது போலத்தான்!

குழாயை எடுத்துவிட்டுப் பிஸ்டன் வைத்தால்?

இந்தக் கரித்தொல்லையைத் தவிர்க்க, எம்-16 வகைத் துப்பாக்கியின் குழாயை நீக்கிவிட்டுப் பிஸ்டனைப் பொருத்தும் முறை பிறகு வந்தது. ஜெர்மனியில் உருவான எச்.கே.416 இப்படிப் பிஸ்டன் பெற்ற வடிவம்தான். ஏற்கெனவே உள்ள துப்பாக்கியில் பொருத்தத் தனி உதிரிப்பாகங்களும் சில நாடுகளில் விற்பனைக்கு வந்தன. இந்த மாற்றத்தால் உள்ளே துப்புரவாக இருக்கிறது; சூடும் குறைகிறது. ஆனால் வேறு மூன்று செயல்களும் சேர்ந்து மாறிவிடுகின்றன.

ஒன்று, தள்ளும் விதம். குழாய் வழியே வரும் வாயு நீண்ட தூரம் ஓடி, கேரியருக்குள் நிறைந்து, பிறகே தள்ளுகிறது. அது கையால் அழுத்தித் தள்ளுவது போன்றது. பிஸ்டன் தண்டோ சுத்தியல் போல் 'டக்'கென்று இடிக்கிறது. ஆகவே கேரியர் சற்று முன்னதாகவும் கூடுதல் வேகத்தோடும் புறப்படக்கூடும்.

இரண்டு, தள்ளும் இடம். பிஸ்டன் கேரியரின் உச்சியில் இடிக்கிறது. உங்கள் வீட்டுப் பீரோவை நடுவில் கைவைத்துத் தள்ளினால் நகரும். உச்சியில் தள்ளினால் சாயப் பார்க்கும். கேரியரும் அப்படியே பின்பகுதி தாழ்ந்து சாய முயல்கிறது. எஸ்.எல்.ஆர்., இன்சாஸ் போன்றவை தொடக்கத்திலிருந்தே பிஸ்டனுக்கென்று வடிவமைக்கப்பட்டவை. கேரியர் சாயாதபடி அவற்றில் பக்கத்தண்டவாளங்கள் தாங்குகின்றன. பிறகு பிஸ்டன் பொருத்தப்பட்ட துப்பாக்கியில் அந்தத் தாங்கல் போதாமல் போகலாம். அப்போது உராய்வு கூடும். வேகம் ஒவ்வொரு முறையும் ஒரே சீராக இராது.

மூன்று, போல்ட்டை முன்னோக்கி அழுத்திப் பூட்டைத் தளர்த்திய வாயு இப்போது அங்கே இல்லை. உறை இன்னும் சுவரை விடாத நேரத்தில் கேரியர் அவசரப்பட்டால் கொக்கியின் மேல் சுமை ஏறுகிறது. அப்படிப்பட்ட உறையின் விளிம்பில் கொக்கி கடித்த தழும்பு தெரியும்.

உறை எங்கே விழும்?

இப்போது பெரியப்பாவின் கணக்குக்கு வருவோம். துப்பாக்கியை ஒரு கடிகாரத்தின் நடுவில் படுக்க வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். குழலின் முனை 12 மணியைக் காட்டுகிறது. அப்படியானால் வலக்கைப் பக்கம் 3 மணி. சுடுபவரின் முதுகுப்பக்கம் 6 மணி.

ஓடும் பேருந்தின் ஜன்னல் வழியே வேர்க்கடலைத் தோலைப் பக்கவாட்டில் போட்டால் அது நேரே பக்கத்தில் விழுமா? விழாது. பேருந்தின் வேகமும் அதற்கு இருப்பதால், பேருந்து போகும் திசையிலும் சிறிது தூரம் சென்றே விழும். உறையின் நிலையும் இதுவே. போல்ட் அதைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு ஓடுகிறது. எம்-16 வகையில் போல்ட்டின் முகத்திலுள்ள சுருள்வில் முனை வலப்பக்கம் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்தால் உறை வலப்பக்கப் பின்புறம், அதாவது 4 மணி அல்லது 5 மணித் திசையில் போகவேண்டும். மெதுவாக ஓடும் துப்பாக்கியில் அப்படித்தான் போகிறது.

"வேகம் கூடினால் இன்னும் பின்னால் அல்லவா போகவேண்டும்?" என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. உறை வெளியேறும் சன்னலின் பின்புறம் ஒரு சிறு மேடு உண்டு. இடக்கைப் பழக்கமுள்ள வீரரின் முகத்தில் சுடு உறை அடிக்காமல் காப்பதற்காக, 1980களில் வந்த எம்-16ஏ2 வடிவத்தில் சேர்க்கப்பட்ட மேடு அது. வேகமாகப் பின்னோக்கி வரும் உறை இந்த மேட்டில் மோதித் திரும்புகிறது. கேரம் பலகையில் காயைச் சுவரில் மோதவிட்டால் என்ன ஆகிறது? மெல்ல மோதினால் சுவரோரமே நின்றுவிடும். வேகமாக மோதினால் விசையோடு முன்னே திரும்பி வரும். ஆகவே கேரியரின் வேகம் கூடக்கூட உறை 4 மணியிலிருந்து 3 மணிக்கும், பிறகு 2 மணிக்கும், 1 மணிக்கும் நகர்கிறது; அதிக தூரமும் போகிறது.

பிஸ்டன் பொருத்திய பின் உறைகள் முன்பைவிட முன்னால் தள்ளியும் தொலைவிலும் விழுவதாகப் பலர் காண்பதற்குக் காரணம் இதுவே. பிஸ்டன் உறையைத் தொடுவதே இல்லை. அது கேரியரின் வேகத்தை மாற்றுகிறது. கேரியரின் வேகம் உறையின் பாதையை மாற்றுகிறது.

இது எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் விதி என்று எண்ணிவிடாதீர்கள். ஏ.கே. வகையிலும் எஸ்.எல்.ஆரிலும் தள்ளுமுனை சுருள்வில்லின் மேல் இல்லை. அசையாமல் நிற்கும் இரும்பு முனை அது. வேகமாக வரும் உறை அதில் வலுவாக மோதுவதால் வலுவாகத் தெறிக்கிறது. நம் படையில் வெகுகாலம் இருந்த பிரென் இயந்திரத் துப்பாக்கியிலோ தோட்டாப் பெட்டி மேலே இருக்கிறது. காலி உறைகள் அடிப்பக்கமாகக் கீழே கொட்டுகின்றன. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இயல்பான ஓர் இடம் உண்டு. அந்த இடம் திடீரென்று மாறினால்தான் கவலைப்பட வேண்டும்.

கொஞ்சம் கணக்கு

உறை தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரத்தில் படுக்கைவாட்டில் வெளியேறுகிறது என்று கொள்வோம். அது தரையைத் தொட எடுக்கும் நேரம் ஏறத்தாழ அரை நொடி. 2 மீட்டர் தள்ளி விழுந்தால் அதன் வேகம் நொடிக்கு 4 மீட்டர். 3 மீட்டர் தள்ளி விழுந்தால் 6 மீட்டர். பார்த்தீர்களா? ஒரு அளவுநாடாவை வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத வேகத்தைக் கண்டுபிடித்துவிட்டோம்!

இன்னொரு கணக்கு. கேரியரும் போல்ட்டும் சேர்ந்து அரைக் கிலோ என்றும், அவை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். இயக்க ஆற்றல் 6.25 ஜூல். வேகம் 6 மீட்டரானால் ஆற்றல் 9 ஜூல். வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. ஆற்றலோ ஏறக்குறைய பாதி அளவு கூடிவிட்டது. அந்த அதிகப்படி ஆற்றல் முழுவதும் ஒவ்வொரு முறையும் பின்சுவரிலும் சுருள்வில்லிலும் கொக்கியிலும் போய் இடிக்கிறது. தேய்மானமும் உடைசலும் சீக்கிரம் வருகின்றன. வேகம் குறைந்தாலும் ஆபத்துதான். உறை முழுதும் வெளியேறுமுன் போல்ட் திரும்பி வந்து அதைச் சன்னலிலேயே நசுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு கசப்பான பாடம்

'உறை எங்கே விழுந்தால் என்ன?' என்று நினைக்கிறீர்களா? 1960களின் நடுவில் வியட்நாமில் நடந்ததைக் கேளுங்கள். எம்-16 துப்பாக்கியை வடிவமைத்தபோது பயன்படுத்திய வெடிமருந்துக்குப் பதிலாக வேறு வகை மருந்தை நிரப்பினார்கள். குண்டின் வேகம் குறையவில்லை. ஆனால் வாயுத் துளையருகே அழுத்தம் கூடியது, கேரியர் வேகமாக ஓடியது, கரியும் மிகுந்தது. போதாக்குறைக்கு, தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. துடைக்கும் கருவிகளும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. உறைகள் உள்ளேயே சிக்கிக்கொண்டன. சண்டை நடுவே வீரர்கள் நீண்ட கம்பியைக் குழலின் முன்பக்கமாக விட்டு உறையைக் குத்தித் தள்ள வேண்டியதாயிற்று. செயலற்ற துப்பாக்கியோடு மாண்டவர்கள் உண்டு. 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்தது. பின்னர் அறைக்குக் குரோமியப் பூச்சு வந்தது. கேரியரின் வேகத்தைத் தணிக்கக் கனமான தடைக்கட்டை வந்தது. துடைக்கும் கருவிகள் வந்தன.

மாறியது மருந்து ஒன்றுதான். ஆனால் இயந்திரத்தில் எந்த உறுப்பும் தனித்து வாழ்வதில்லை. ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும். பிஸ்டன் மாற்றத்துக்கும் இதே பாடம் பொருந்தும். மாற்றத்தை விரும்பும் பொறியாளர் வாயுவின் அளவு, சுருள்வில்லின் விறைப்பு, தடைக்கட்டையின் எடை, கேரியரின் தாங்கல் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றவேண்டும். ஆயிரக்கணக்கான தோட்டாக்களைச் சுட்டுச் சோதிக்கவேண்டும்.

எஸ்.எல்.ஆரில் இதற்கென்றே ஒரு வாயுச் சீராக்கி உண்டு. அடுப்பின் தீயைக் கூட்டிக் குறைப்பது போல, பிஸ்டனுக்குப் போகும் வாயுவை அதன் மூலம் கூட்டிக் குறைக்கலாம். துப்பாக்கி தவறாமல் ஓடுவதற்கு வேண்டிய வாயுவும், தூசிக்கும் கரிக்கும் ஈடுகொடுக்கக் கொஞ்சம் கூடுதலும் இருந்தால் போதும். அதற்கு மேல் போகும் வாயு துப்பாக்கியை அடித்து நொறுக்கவே பயன்படும்.

நல்லம்பள்ளி நண்பருக்கு

ஆகவே நண்பரே, உங்கள் பெரியப்பாவிடம் அவர் சொன்னது சரி என்று சொல்லுங்கள். ஆனால் ஒன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: உறை விழும் இடத்தோடு அதன் உடலையும் அவர் பார்த்திருப்பாரே? விளிம்பில் தழும்பு உண்டா, பக்கத்தில் பள்ளம் உண்டா, வாய் நசுங்கியிருக்கிறதா? தெறித்த திசை கேரியரின் வேகத்தைச் சொல்லும். விளிம்பின் தழும்பு இழுத்த நேரத்தைச் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் படிப்பவரே நல்ல ஆயுதப் பணியாளர்.

நீங்கள் பொறுக்கிய உறைகளை ஏன் எண்ணி வாங்கினார்கள் என்பதும் இப்போது விளங்கியிருக்கும். சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு வேண்டும். உள்ளே ஒன்று சிக்கியிருக்கிறதா என்றும் தெரியவேண்டும். முகாமுக்கு வெளியே எங்காவது தோட்டாவோ உறையோ கண்ணில் பட்டால் கையால் தொடாதீர்கள். சுடப்படாத தோட்டாவாக அது இருக்கலாம். பெரியவர்களிடமோ காவல் நிலையத்திலோ சொல்லுங்கள்.

துப்பாக்கி இல்லாமலேயே இந்த விதியைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. நண்பரை மைதானத்தில் சைக்கிளில் ஒரே சீராக ஓட்டச் சொல்லி, ஒரு கோட்டைக் கடக்கும்போது புளியங்கொட்டை ஒன்றைப் பக்கவாட்டில் விடச் சொல்லுங்கள். மெதுவாக ஓட்டும்போதும் வேகமாக ஓட்டும்போதும் கொட்டை கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி விழுகிறது என்று அளந்து எழுதுங்கள். அந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, சைக்கிள் எவ்வளவு வேகத்தில் போனது என்று உங்களால் சொல்ல முடிகிறதா, பாருங்கள்.